இரவல் தூக்கம்

கைக்கடிகாரம் என்றால் மணி காட்டினால் போதும் என்று நினைக்கிற ஆள்தான் ஃபோர்மேன். செய்தித்தாள் அச்சகத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர். உருளைகள் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த மணியைப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது. ஆனால் இப்போது அவருடைய இடது மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்திருந்த சாமான் வேறு ரகம். எவ்வளவு தூரம் ஓடினார், எந்தத் தெருவில் திரும்பினார், எங்கே மூச்சு வாங்கி நின்றார், படுத்தவர் தூங்கினாரா இல்லை தூங்குவதுபோல் பாவ்லா காட்டினாரா என்று அத்தனையும் சொல்லும். அவரிடம் மட்டும் சொன்னால் பரவாயில்லை. வெளியூரில் இருக்கும் மனைவியின் ஃபோனுக்கும் போய்ச் சொல்லும். வம்பே அங்கேதான்.

மனைவி கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து போகும் பாட்டில்களில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனி வேறு ஊரில் புதுத் தொழிற்சாலை திறந்தபோது பரிசோதனைப் பிரிவு முழுவதையும் அவளிடம் ஒப்படைத்தார்கள். ஒரு வருஷம் அங்கேயே தங்கி ஆட்களைப் பழக்க வேண்டும். அந்தப் பதவிக்காக அவளைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் முட்டி மோதினார்கள். கடைசியில் இவளுக்குத்தான் கிடைத்தது. ஃபோர்மேனுக்குத் தலைகால் புரியவில்லை. அச்சகத்தில் காகிதச் சுருள் தூக்குகிறவர் வரை எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டார்.

அதே சமயம்தான் டாக்டர் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது என்றார். ஓடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், இரண்டும் செய்தால் மாத்திரை வேண்டாம் என்றார். மனைவி கிளம்புகிற அன்று அந்தக் கடிகாரத்தை வாங்கி வந்து அவர் கையில் மாட்டிவிட்டாள்.

"பக்கத்துல இருந்து என்னால பாக்க முடியாது. இது பாக்கட்டும்."

"நான் என்ன பாட்டிலா?"

"பாட்டில் பொய் சொல்லாது" என்றாள் அவள்.

ஓட்டத்தில் குறை இல்லை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும், அச்சு மை நாற்றம் மூக்கை விட்டுப் போகும்வரை வாய்க்கால் ஓரத்து நடைபாதையில் ஓடுவார். அவர் ஓடிய வழி நீல நூல் மாதிரி வரைபடத்தில் விழும். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்வாள்.

"இன்னிக்கு ஏன் பாலத்துகிட்டயே திரும்பிட்டீங்க?"

"நாய் துரத்துச்சு."

"அதானே பாத்தேன். அந்த இடத்துல மட்டும் வேகம் பிச்சுக்கிட்டுப் போயிருக்கு."

இருவரும் சிரிப்பார்கள். சிரிப்பெல்லாம் ஓட்டத்தோடு சரி. தூக்கத்துக்கு வந்தால் அவள் குரல் மாறிவிடும்.

அவள் ஊரில் இருந்தவரை ஃபோர்மேன் பகலில் அடித்துப்போட்டாற்போல் தூங்கினவர்தான். அவளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. காலையில் வீட்டில் அவள் நடமாடிக்கொண்டிருப்பாள். அலமாரி திறக்கிற சத்தம், குழாய் சத்தம், யாரிடமோ ஃபோனில் சண்டை. அதெல்லாம் அவருக்குத் தாலாட்டு. அவள் போனபிறகு வீடு கப்சிப் என்று ஆகிவிட்டது. அந்த நிசப்தத்தில் படுத்தால், மாடி வீட்டு நாற்காலி நகர்வதும், தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவதும் காதுக்குள்ளேயே நடப்பதுபோல் இருந்தது. இப்படிப் புரள்வார், அப்படிப் புரள்வார். தலையணையைத் திருப்பிப் போடுவார். எழுந்து போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பூட்டித்தான் இருக்கும்.

எழுந்ததும் கடிகாரம் சிவப்பு வட்டம் ஒன்றைக் காட்டும். 'மோசம்.' அதற்குக் கீழே, 'இன்று ஓய்வெடுங்கள்.' ஓய்வெடுக்க வந்த இடத்தில்தானே இத்தனை கூத்தும் என்று அவருக்கு எரிச்சல் பொங்கும். அதற்குள் ஃபோன் அடிக்கும்.

"ஏங்க, இன்னிக்கும் சிவப்பா?"

"அது கிடக்குது. மெஷினுக்கு என்ன தெரியும்."

"எனக்குத் தெரியும். இங்க பாருங்க, இதே மாதிரி போச்சுன்னா நான் வேலைய உதறிட்டு வந்துடுவேன். பதவியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். சொன்னால் செய்துவிடுவாள். ஃபோர்மேனுக்கு அது தெரியும். அவள் அத்தனை வருஷம் நின்று சம்பாதித்த இடம் தன் தூக்கத்துக்காகப் போய்விடுமோ என்ற எண்ணம் வந்ததும், அதுவரை வந்துகொண்டிருந்த அரைகுறைத் தூக்கமும் பறந்தது.

என்னென்னவோ செய்து பார்த்தார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார். உடம்பு அசந்தால் தூக்கம் வரும் என்று இன்னும் கூடுதலாக ஓடினார். முழங்கால் வலி வந்ததே தவிர தூக்கம் வரவில்லை. கடைசியில் கடிகாரத்தையே ஏமாற்றிப் பார்க்கலாம் என்று, கைகால் அசைக்காமல் கட்டைபோல் கிடந்தார். கண் மூடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டு, மூக்கு அரித்தும் சொறியாமல். எழுந்து பார்த்தால் அது 'விழித்திருந்தீர்கள்' என்றது. நெஞ்சு அடித்துக்கொண்டதை எண்ணி வைத்திருந்தது திருட்டுக் கழுதை.

இந்த லட்சணத்தில் கூடத்து சோபாவில் இன்னொருவன் நாள் தவறாமல் வந்து தூங்கிக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பிறகு சாயங்காலம்தான் திரும்ப ஏற்ற வேண்டும். அவன் தனியாகத் தங்கியிருந்த அறை ஊரின் மறுகோடியில் இருந்தது. பள்ளிக்கூடமோ அக்கா வீட்டுக்குப் பக்கம். ஆகவே நடுவில் கிடைத்த நேரத்தை இங்கே வந்து குறட்டையாக மாற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் ஹாரன். வேன் ஓட்டுவதால் வந்த பெயர் என்று அவன் வெளியில் சொல்லிக்கொள்வான். குறட்டையால் வந்தது என்பது ஊருக்கே தெரியும்.

அன்றும் வந்தான். "மாமா, தண்ணி" என்றான். ஃபோர்மேன் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், ஒரு காலில் செருப்போடு சாய்ந்துவிட்டான். வாய் திறந்திருந்தது. குறட்டை கிளம்பிவிட்டது.

ஃபோர்மேன் தம்ளரும் கையுமாக நின்று அவனையே பார்த்தார். பொறாமையா, ஆத்திரமா என்று அவருக்கே விளங்கவில்லை. ஊருக்கெல்லாம் பங்கு வைக்கலாம் போல இத்தனை தூக்கத்தை இவன் ஒருத்தனே வைத்துக்கொண்டு கிடக்கிறானே! தம்ளரைக் கீழே வைத்தார். கடிகாரத்தைக் கழற்றினார். தடித்துக் கிடந்த அவன் மணிக்கட்டில் கடைசி ஓட்டையில் மாட்டினார்.

அன்று வந்த வட்டம் பச்சை.

"ஏங்க!" என்றாள் மனைவி ஃபோனில். குரலில் வருஷக்கணக்காகக் கேட்காத துள்ளல். "இன்னிக்கு அசந்து தூங்கியிருக்கீங்களே! நான் என்னமோ பயந்துட்டே இருந்தேன். இப்பதான் எனக்கு வேலையே ஓடுது. புதுசா வந்த பசங்களுக்கு வெளிச்சத்துல பாட்டில எப்படிப் பிடிக்கணும்னு இன்னிக்குதான் பொறுமையா சொல்லிக் குடுத்தேன்."

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அந்தத் துள்ளலைக் கேட்டதும் வாய் தானாக மூடிக்கொண்டது. ஒரு நாள்தானே என்று விட்டார். மறுநாளும் ஒரு நாள்தானே.

மூன்றாம் தடவை மாட்டும்போது ஹாரன் விழித்துக்கொண்டான். "என்ன மாமா, கைல விலங்கு?"

சொல்லாமல் வழியில்லை. அசடு வழியச் சொன்னார். அவன் சோபா குலுங்கச் சிரித்தான்.

"அப்ப என் தூக்கத்த எங்கக்காவுக்கு உங்க பேர்ல அனுப்பிட்டு இருக்கீங்க."

"கொஞ்ச நாளைக்குடா மாப்ள. எனக்குத் தூக்கம் செட் ஆகிற வரைக்கும்."

"எடுத்துக்குங்க மாமா, எனக்கு என்ன கொறஞ்சா போகுது. ஆனா ஒண்ணு. எவ்வளவு தூங்கினாலும் எந்திரிக்கும்போது யாரோ போட்டு மிதிச்ச மாதிரிதான் இருக்கு. மண்ட ரெண்டா பொளக்குது. இதப் போய் ஒசத்தின்னு நெனைக்கிறீங்களே."

"தூக்கம் அதிகமானா அப்படித்தான் இருக்கும்" என்றார் ஃபோர்மேன், ஏதோ அனுபவப்பட்டவர்போல.

அப்படியே ஓடிற்று. காலையில் ஓடும்போது கடிகாரம் இவர் கையில்; வீட்டுக்கு வந்ததும் அவன் கையில். அவன் சோபாவில் உருண்டு கிடப்பான். இவர் வீட்டுக்குள் கூண்டில் அடைத்த மிருகம் மாதிரி உலாத்துவார். ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டுவார். மடித்த துணியை மறுபடி மடிப்பார். சில நாள் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வெயிலில் இன்னொரு தடவை ஓடிவிட்டு வருவார். அந்த ஓட்டம் எந்த வரைபடத்திலும் விழாது. அச்சகத்தில் வேலை நடக்கும்போது நின்ற இடத்திலேயே கண் சொருகும். திடுக்கிட்டு விழித்துக் கையை உருளைகளிலிருந்து தள்ளி வைத்துக்கொள்வார். வீட்டில் படுத்தாலோ பொட்டுத் தூக்கம் வராது. மனைவிக்குப் பச்சை வட்டங்கள் மட்டும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

இப்படிச் சில வாரங்கள் போயிருக்கும். ஒரு நாள், அவள் ஃபோன் செய்கிற நேரமே இல்லை, மத்தியானம் சாய்கிற வேளை, ஃபோன் அடித்தது. ஹாரன் கூடத்தில் குறட்டையில் இருந்தான்.

"ஏங்க, முழிச்சுதான் இருக்கீங்களா? நல்லவேளை." அவளுக்கு மூச்சு இரைத்தது. "உக்காருங்க. நான் சொல்றதக் கேட்டுப் பதறாதீங்க."

"என்ன ஆச்சு உனக்கு?"

"எனக்கில்ல, உங்களுக்கு. காலைல கடிகாரத்துலேர்ந்து ஒரு எச்சரிக்கை வந்துச்சு. இத்தன நாள் கணக்கு பாத்துச் சொல்லுது. நீங்க தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதாம். ஆக்சிஜன் எறங்கிப் போகுதாம். எங்க ஃபேக்டரி டாக்டர்கிட்ட ஓடிப்போய்க் காட்டினேன். அவரு மொகமே சரியில்ல. ஒடனே பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க, இவர மெஷின்கிட்ட விடாதீங்க, வண்டி ஓட்ட விடாதீங்கன்னாரு. நான் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், எனக்கு இந்தப் பொறுப்பு வேணாம், வேற ஆளப் பாருங்கன்னு. பஸ்சுக்குப் பதிவு பண்ணிட்டேன். ஏங்க? ஏங்க, கேக்குதா?"

கேட்டது. ஃபோர்மேன் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை ஏறிக்கொண்டே போய், சட்டென்று அறுந்தது. இந்த இடைவெளியை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அப்பாடா, ஓய்ந்தான் என்றுதான் நினைத்திருக்கிறார். இன்று முதல் தடவையாக அவன் மார்பைப் பார்த்தார். அது எழும்பவில்லை. உதட்டோரம் வெளிறியிருந்தது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவன் மாதிரி அவன் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப்போட்டது. பெரிய கேவலோடு காற்றை இழுத்தான். குறட்டை மறுபடி தொடங்கியது.

"அது நான் இல்ல" என்றார் ஃபோனில்.

"எது?"

"அந்தத் தூக்கம். என்னோடது இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துப் போகும் கிணுகிணுப்பு மட்டும் கேட்டது. இந்தப் பக்கத்துச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அது அவன் குறட்டை" என்றாள். "ஹாரன். அவன் கைலயா கட்டினீங்க?"

"நீ வேலைய விட்டுட்டு வந்துடுவேன்னு..."

"அதப் பெறகு பேசிக்கலாம். இப்ப அவன் எங்க?"

"சோபாவுல."

"அவன் வேன எடுக்கக்கூடாது. கேக்குதா? அவன் பின்னாடி வேன் நிறைய பிள்ளைங்க இருக்கும். அவன எடுக்க விடாதீங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஹாரனின் ஃபோனில் அலாரம் அடித்தது. பள்ளிக்கூடம் விடப்போகிறது. அவன் எழுந்து, வழக்கம்போல் நெற்றிப் பொட்டை அமுக்கிக்கொண்டு, மற்றொரு செருப்பைக் காலால் துழாவினான். ஃபோர்மேன் அவனுக்கு முன்னால் ஓடிப்போய் மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டார்.

"வெளையாடாதீங்க மாமா, நேரமாச்சு."

சொன்னார். தட்டுத்தடுமாறி, முன்னுக்குப் பின் முரணாக, ஆனால் ஒன்று விடாமல் சொன்னார். ஹாரன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"ஒரு வாட்ச் சொல்லுதுன்னு என் பொழப்புல கை வைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சது இந்த ஸ்டீயரிங் ஒண்ணுதான். வெளில தெரிஞ்சா நாளைக்கே வேற டிரைவர் வந்துடுவான். குடுங்க சாவிய."

"நான் பாத்தேன்டா. இப்ப, என் கண்ணால. உனக்கு மூச்சே இல்ல."

"குடுங்கன்னா!"

கையைப் பிடித்து முறுக்கினான். ஃபோர்மேன் விடவில்லை. இருவரும் கூடத்தின் நடுவில் சின்னப் பிள்ளைகள்போல் மல்லுக்கட்டினார்கள். சோபா நகர்ந்தது. "எங்கயாவது கண்ணு சொருகிருச்சுன்னா என்னடா பண்ணுவ?" என்று கத்தினார் ஃபோர்மேன்.

ஹாரனின் பிடி தளர்ந்தது. சோபாவின் கையில் உட்கார்ந்தான்.

"சொருகிருக்கு" என்றான். "போன மாசம். சிக்னல்ல நிக்கும்போது. பின் சீட்டுலேர்ந்து ஒரு பொண்ணு வந்து தோளத் தட்டி, 'அண்ணா, பச்ச விழுந்துடுச்சு'ன்னா. நான் சிரிச்சு சமாளிச்சுட்டேன். வண்டி நின்னுட்டுதானே இருந்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் மாமா."

ஃபோர்மேன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி, நீங்க ஓட்டுங்க" என்றான் அவன், கீழே பார்த்தபடி. "உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல. நான் பக்கத்துல உக்காந்து வீடு காட்டறேன்."

இருவரும் கீழே இறங்கினார்கள். மஞ்சள் வேன் வெயிலில் காய்ந்து கிடந்தது. ஃபோர்மேன் ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைப் போட்டார். எதிரே கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்து, இமை கனத்து, யாரோ ஒரு நோயாளி பார்ப்பதுபோல் இருந்தது. ஒழுங்காகத் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பச்சை வட்டங்களைப் பார்த்துப் பார்த்துத் தான் தூங்காததையே பாதி மறந்திருந்தார்.

"என்ன மாமா?"

"நானும் ஓட்டக்கூடாதுடா."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஹாரனே ஃபோனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டான். போக்குவரத்தைக் கவனிக்கிற அம்மாள் அந்தப் பக்கம் போட்ட சத்தம் வேனுக்கு வெளியே கேட்டது. கடைசி நிமிஷத்தில் சொன்னால் எப்படி, பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? அவன் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. "உடம்பு சரியில்லைங்க. ஓட்டினா தப்பாயிடும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வேறொரு வேன் தன் நடையை முடித்துவிட்டு வந்து பிள்ளைகளை ஏற்றியது. எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று என்று தகவல் வரும்வரை இருவரும் அந்தக் காய்ந்த வேனிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மனைவி வந்தாள். இறங்கியதும் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவன் முதுகில் நான்கு போடவும் செய்தாள். கணவனிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் தம்பியை ஒரு ராத்திரி படுக்க வைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். கடிகாரம் சொன்னது கொஞ்சம்தான், நிலைமை அதைவிட மோசம் என்று தெரிந்தது. தொண்டை அடைபடாமல் காற்றை ஊதித் தருகிற ஒரு முகமூடியைக் கொடுத்து, தினமும் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். முதல் சில நாள் யானைத் தும்பிக்கையை மாட்டினாற்போல் இருக்கிறது என்று புலம்பினான். பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து, "மாமா, தலவலி இல்ல" என்று ஆச்சரியத்தோடு சொன்னான். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை பள்ளிக்கூடத்தில் அவனை வேன் கழுவுகிற வேலைக்குப் போட்டார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் போனான், ஆனாலும் போனான்.

அவள் வேலைதான் பழையபடி ஆகவில்லை. அவள் வேண்டாம் என்றதும் மேனேஜர் மறுநாளே இன்னொருவரை உட்கார வைத்துவிட்டார். ஃபோனிலேயே கெஞ்சிப் பேசியதில் பாதிப் பிரிவு திரும்பக் கிடைத்தது. இனி மற்றவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்தச் செய்தி வந்த பிறகுதான் அவள் கணவனிடம் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"நீங்க தூங்கலன்னா எனக்குக் கவலையா இருந்திருக்கும். அது என் கவலை, நான் பட்டுக்குவேன். நீங்க என்னை நிம்மதியா இருக்க வெச்சீங்களே, அதத்தான் தாங்க முடியல. அந்தப் பச்சையப் பாத்துப் பாத்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஒவ்வொரு நாளும் என் தம்பிக்கு மூச்சு நின்னுட்டு இருந்திருக்கு."

ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இந்த மனுஷன் பொய் சொல்லியிராவிட்டால் தம்பியின் மூச்சு நிற்பது யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் அவள் மனசில் ஓடியிருக்கும். ஆனால் அதைச் சொல்லி அவரைத் தப்பிக்க விடவில்லை. அவரும் அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை.

அச்சகத்தில் போய்ப் பகல் ஷிஃப்ட் கேட்டார். இடம் காலியானால் தருகிறோம் என்றார்கள். அதுவரை உருளைப் பக்கம் போகாமல், கட்டு எண்ணி லாரியில் ஏற்றுகிற பக்கம் நிற்கச் சொன்னார்கள். ஃபோர்மேன் என்ற பெயருக்கு அது இறக்கம்தான். ஒத்துக்கொண்டார்.

அவளை அனுப்ப பஸ் நிலையத்துக்கு வந்தபோதும் இருவருக்கும் நடுவில் இன்னும் ஒரு முறுக்கு இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே தூங்கலன்னா தூங்கலன்னு சொல்லுங்க."

"சொன்னா வந்துடுவியே."

"வரமாட்டேன். திட்டுவேன். அதோட சரி."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என்னமோ தோன்றியது. இத்தனை மாசத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத ஒன்றைக் கேட்டார். "அது சரி, நீ அங்க தூங்கறியா?"

அவள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். என்ஜின் உறுமியது. கண்டக்டர் விசில் ஊத, வண்டி நகர்ந்தது. பதில் சொல்லாமலேயே அவள் முகம் கடந்து போயிற்று.

ஃபோர்மேன் அங்கேயே நின்றார். வண்டி நிலையத்தை விட்டு வெளியே திரும்பியிருக்காது, ஃபோன் அடித்தது.

"எங்கங்க தூங்கறது" என்றாள். "என் ரூமுக்குப் பின்னாடியேதான் கண்ணாடி உருக்கற ஃபர்னஸ். சுவரே கொதிக்குது. கண்ண மூடினா பாட்டில் போயிட்டே இருக்கு. அந்தப் பசங்க விட்டுட்ட விரிசல் எல்லாம் கனவுல வருது. வந்த நாள்லேர்ந்தே இப்படித்தான். உங்ககிட்ட சொன்னா நீங்க வேற தூங்க மாட்டீங்கன்னு..."

"சொல்லு" என்றார்.

அங்கே கிடந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் சிக்னல் போயிற்று. இவர் திரும்பக் கூப்பிட்டார். மறுபடி போயிற்று, அவள் கூப்பிட்டாள். எதிரே பஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தன. யாரோ பெஞ்சில் இடம் கேட்டார்கள். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே நகர்ந்து கொடுத்தார்.